கேட்வேயும் சென்சாரும் பேச மாட்டேங்குதா? ரேடியோ மாட்யூலை ஜோடி சேர்க்குற முழு வழிகாட்டி

சோழவந்தான் பக்கம் எங்க சித்தப்பா தோப்புல கிணத்து மோட்டார் ஒரு மூலைல கிடக்கும், வீடு இன்னொரு மூலைல, நடுவுல முக்கா கிலோமீட்டருக்குத் தென்னையும் ஒரு வாய்க்காலும். தொட்டி நிறைஞ்சிருச்சா, மூணு ஃபேஸ் கரண்ட் வந்துருச்சான்னு பாக்க மனுஷன் நாளைக்கு அஞ்சாறு தடவை நடப்பாரு. சிம் போட்ட ஸ்டார்ட்டர் வச்சிருந்தாரு, கிணத்து மேட்டுல டவர் ஒழுங்கா எடுக்காது, ரீசார்ஜும் மறந்துபோகும். சரின்னு நான் லோரா மாட்யூல் (சிம் இல்லாம தூரத்துக்குக் கொஞ்சமா டேட்டா அனுப்புற ரேடியோ) ரெண்டு ஆன்லைன்ல வாங்குனேன், ஒண்ணு தொட்டி சென்சாருக்கு, ஒண்ணு வீட்டுல இருக்குற கேட்வேக்கு, அதாவது சென்சார் அனுப்புறதை வாங்குற பெட்டிக்கு. ஒரே கடை, ஒரே ஆர்டர், ஒரே கவர்ல வந்துச்சு, பாத்தா ரெட்டைப்புள்ள மாதிரி இருக்கு.

மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. மேஜை மேல வச்சா அப்பப்ப ஒரு பாக்கெட் (ரேடியோல போற ஒரு செய்தி) வரும், வாசலைத் தாண்டுனா செத்துரும். சித்தப்பா கட்டில்ல உக்காந்துக்கிட்டு, "ஏன்டா, இது பேசுமா, இல்ல நானே போயி பாத்துட்டு வந்துரவா?"ன்னு கேக்குறாரு. கடைசில மாட்யூலைத் திருப்பி லென்ஸ் வச்சுப் பாத்தா ஒண்ணுல 868ன்னு எழுதுன இடத்துல மார்க்கர் புள்ளி, இன்னொண்ணுல 433 பக்கத்துல புள்ளி. அது மெகாஹெர்ட்ஸ்ல அலைவரிசை, அதாவது பேண்டு, ரெண்டும் வேற வேற. அம்புட்டுதான் விஷயம்.

நான் பண்ணுன கூத்தை நீங்க பண்ண வேண்டாம்னுதான் இதை எழுதுறேன். "மாட்யூல் மேட்ச் ஆகணும்"னு எல்லாரும் ஒரு வார்த்தைல சொல்லிட்டுப் போயிருவாங்க, உள்ள போனா அது அஞ்சாறு விஷயம், அதுல ஒண்ணு தப்புனாலும் எரர் வராது, சத்தமே இல்லாம சும்மா இருக்கும்.

முதல் வேலை: ரெண்டும் ஒரே குடும்பமான்னு பாருங்க

லோராவுக்கு லோராதான் ஜோடி. ஜிக்பீ, வைஃபை, புளூடூத், நோர்டிக் 24 வரிசை எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் ஓடுது, அதுக்காக ஒண்ணோட ஒண்ணு பேசிராது. ஆரப்பாளையம் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு மேலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்குற கதைதான், பஸ்ஸும் ஓடுது நீங்களும் நிக்குறீங்க, ஆனா அது மாட்டுத்தாவணில இருந்து கிளம்புது.

எக்ஸ்பீங்கற ரெடிமேட் ரேடியோ மாட்யூல் வச்சிருக்கவங்க இங்க கொஞ்சம் நில்லுங்க. சீரீஸ் 1, சீரீஸ் 2 ரெண்டுக்கும் அதே 20 கால், அதே 2 மில்லிமீட்டர் இடைவெளி, ஒரே சாக்கெட்ல ஜம்முன்னு உக்காரும், ஆனா காத்துல ஒருநாளும் பேசாது. கேட்வே உள்ள இருக்கறது சீரீஸ் 1னா, அதாவது ஜிக்பீக்கு அடித்தளமான வெறும் 802.15.4 ஓடுறதுன்னா, சென்சார்ல ஜிக்பீ ஓடுற சீரீஸ் 2 போட்டுப் பிரயோஜனம் இல்ல. எஸ்2சி, எக்ஸ்பீ 3 மாதிரி பின்னாடி வந்ததுல ஃபர்ம்வேரை மாத்திக்கலாம், எக்ஸ்சிடியூ சாஃப்ட்வேர்ல ரெண்டையும் சொருகி ஃபர்ம்வேர் பேரு, பான் ஐடி (நெட்வொர்க்கோட நம்பர்), சேனல் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சேனல் 11ல இருந்து 26 வரைக்கும் உண்டு. வீட்டு வைஃபை 1, 6, 11ல ஓடுச்சுன்னா ஜிக்பீக்கு 15, 20, 25, 26 கொஞ்சம் நிம்மதியான இடம். எக்ஸ்பீக்கு இது போதும், மீதி எல்லாம் லோரா கதை, ஏன்னா நம்ம ஊரு தோட்ட தூரத்துக்கு அதுதான் தோது.

ரெண்டாவது: பேண்டு

இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம இந்த வேலைக்கு விட்டுருக்கறது 865ல இருந்து 867 மெகாஹெர்ட்ஸ், 2005ல வந்த விதி, 2021ல 868 வரைக்கும் நீட்டுனாங்க. டிரான்ஸ்மிட்டர் பவர் 1 வாட்டுக்குள்ள, ஆன்டெனாவோட சேத்து வெளிய போற பவர் 4 வாட்டுக்குள்ள, கேரியர் அகலம், அதாவது சிக்னல் பிடிச்சுக்கற இடம், 200 கிலோஹெர்ட்ஸுக்குள்ள. இந்தக் கடைசி எண்ணை யாரும் கண்டுக்கறதில்ல. லோராவுல பேண்ட்விட்த் 125 வச்சா உள்ள அடங்கும், 250, 500 எல்லாம் அடங்காது, அதனால வேகம் வேணும்னு 500 போடாதீங்க.

இன்னொரு சிக்கல், நெட்டுல கிடைக்குற எக்ஸாம்பிள் கோடு எல்லாம் அமெரிக்காக்காரன் 915, இல்லன்னா ஐரோப்பாக்காரன் 868.1. ரெண்டுமே நம்ம எல்லைக்கு வெளிய. 915 இன்னும் மோசம், செல்போன் 900 பேண்டுல நம்ம போன்ல இருந்து டவருக்குப் போற பக்கம் 890 டு 915தான், அந்த வரப்பு மேலயே போயி உக்காருறீங்க. கோடைத் திறந்ததும் முதல்ல 866ன்னு மாத்துங்க, ரெண்டு பக்கமும்.

மாட்யூல் வாங்கும்போது "868"னு போட்டது 865, 866க்கு ஒத்துப்போகும், மேட்சிங் சர்க்யூட் (சிப்பையும் ஆன்டெனாவையும் இணைக்கற பகுதி) அந்தப் பக்கத்துக்குத்தான் டியூன் பண்ணிருப்பான். "433" வாங்காதீங்க, அந்த பேண்டு இங்க வீட்டுக்குள்ள குறைஞ்ச பவர்ல பயன்படுத்தத்தான், தோட்டத்துக்கு ஆகாது.

இப்ப நான் ஏமாந்த இடத்துக்கு வாரேன். மாட்யூலுக்குள்ள இருக்குற லோரா சிப் எஸ்எக்ஸ்1276, எஸ்எக்ஸ்1278 ரெண்டுலயும் வெர்ஷன் ரெஜிஸ்டர், ஹெக்ஸ்ல (16ஐ அடிப்படையா வச்ச எண்) 42ஆவது முகவரி, அதைப் படிச்சா ரெண்டுமே ஹெக்ஸ் 12ன்னுதான் பதில் சொல்லும். லைப்ரரி (சிப்பை ஓட்டுற ரெடிமேட் கோடு) ஸ்டார்ட் ஆகும்போது இதை மட்டும் பாத்துட்டு "எல்லாம் ஓகே"ன்னு பிரிண்ட் பண்ணிரும். 433க்கு டியூன் பண்ண போர்ட்ல நீங்க 866ன்னு எழுதுனாலும் எழுதுனது எழுதுனபடி திரும்பி வரும், கைக்கெட்டுற தூரத்துல சில சமயம் பேசவும் செய்யும், அதான் மேஜைல வந்துச்சு வாசல்ல வரல. ஆக எந்த பேண்டுங்கறதை சாஃப்ட்வேர்ட்ட கேக்காதீங்க, கண்ணால பாருங்க: பின்பக்கம் அச்சடிச்ச கட்டம், மார்க்கர் புள்ளி, தகரத்து மேல இருக்குற மாடல் நம்பர். ஒண்ணுமே எழுதலன்னா திருப்பி அனுப்பிருங்க, அந்த மாட்யூலுக்கு சண்டை போடுறதுக்கு ஆகுற நேரம் அதோட விலையை விடப் பெருசு.

மூணாவது: காத்துல போற செட்டிங்

பேண்டு சரியாயிருச்சுன்னா அடுத்து இது, மக்கள் அதிகமா மாட்டிக்கற இடமும் இதுதான். ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணா இருக்க வேண்டியது: ஃப்ரீக்வென்சி, ஸ்ப்ரெட்டிங் ஃபேக்டர் (சுருக்கமா எஸ்எஃப், ஒவ்வொரு துணுக்கையும் எவ்வளவு நீட்டி அனுப்புறதுங்கற எண்), பேண்ட்விட்த், சிங்க் வேர்ட் (நம்ம ஆள்தான்னு காட்டுற அடையாள எண்), ஐக்யூ (அலையோட திசை) திருப்பிருக்கா இல்லையாங்கறது, ஹெடர் (பாக்கெட்டோட முன்குறிப்பு) எக்ஸ்பிளிசிட்டா இம்பிளிசிட்டா, அதாவது கூட வருதா வரலையாங்கறது. கோடிங் ரேட்டு (பிழை திருத்தக் கூடுதலா அனுப்புற பிட்டோட அளவு) எக்ஸ்பிளிசிட் ஹெடர்ல பாக்கெட்டோடயே எழுதி வந்துரும், அதனால ஒரு பக்கம் 4/5, இன்னொரு பக்கம் 4/7 இருந்தாலும் ஓடும். இருந்தாலும் ஒண்ணாவே வச்சிருங்க, நாளைக்குக் குழப்பம் இல்ல.

ஒரு உதாரணம் கிட்டத்துல காட்டுறேன். சென்சார்ல ஆர்டுயினோவோட பிரபலமான லோரா லைப்ரரி, கேட்வேல ரேடியோலிப்ங்கற இன்னொரு லைப்ரரி. ரெண்டுலயும் நான் ஃப்ரீக்வென்சி மட்டும் 866 குடுத்துட்டு மத்ததை டிஃபால்ட்ல விட்டேன். முதல் லைப்ரரி டிஃபால்ட்டா எஸ்எஃப் 7 எடுக்கும், ரேடியோலிப் எஸ்எஃப் 9 எடுக்கும். பேண்ட்விட்த் ரெண்டுலயும் 125தான், சிங்க் வேர்டு ரெண்டுலயும் ஹெக்ஸ் 12தான், சிப்பும் ஒண்ணுதான், ஆனா ஒரு பைட்டு வராது. எஸ்எஃப் 7ல அனுப்பறதை எஸ்எஃப் 9ல கேக்குறவனுக்கு அது வெறும் இரைச்சல். அதனால டிஃபால்ட்டை நம்பாம ஒவ்வொண்ணையும் வாய்விட்டுச் சொல்ற மாதிரி ரெண்டு கோடுலயும் வரிவரியா எழுதிருங்க.

ரேடியோஹெட் லைப்ரரி ஒரு பக்கம் இருந்தா வேற வேடிக்கை. பாக்கெட் வரும், ஆனா உங்க செய்திக்கு முன்னாடி 255, 255, 0, 0ன்னு நாலு பைட்டு ஒட்டிக்கிட்டு வரும். குப்பைன்னு நினைச்சு கேபிளை மாத்திக்கிட்டு இருக்காதீங்க, அது அந்த லைப்ரரி போடுற முகவரி: யாருக்கு, யார்ட்ட இருந்து, எத்தனாவது, கொடி. அந்த நாலை வெட்டிட்டுப் படிங்க.

சிங்க் வேர்டு: தனியா ரெண்டு பேரு பேசுறதுக்கு ஹெக்ஸ் 12, லோராவானுக்கு (பல சென்சாரை ஒரு சர்வரோட சேர்க்குற நெட்வொர்க் முறை) 34. புது சிப் எஸ்எக்ஸ்1262ல இதுவே ரெண்டு பைட்டு, 12க்கு ஜோடி 1424, 34க்கு ஜோடி 3444. லைப்ரரி தானா மாத்திக்குதான்னு பாத்துக்குங்க. அப்புறம் பழசு ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம்னா எஸ்எஃப் 5, 6 தொடவே வேண்டாம், 7ல இருந்து 12க்குள்ள இருங்க.

எஸ்எஃப் எவ்வளவு வைக்கலாம்? "பெருசா வச்சா தூரம் போகும்"னு எல்லாரும் 12 வச்சிருவாங்க. 20 பைட்டு செய்தி 125 பேண்ட்விட்த்ல எஸ்எஃப் 7ன்னா காத்துல 57 மில்லிசெகண்டு, எஸ்எஃப் 12ன்னா 1.3 செகண்டு. தொட்டி சென்சார் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்புனா பரவால்ல, ஆனா பேட்டரி இருபது மடங்குக்கு மேல வேலை செய்யுது. முக்கா கிலோமீட்டருக்கு நான் 9ல நிறுத்திட்டேன்.

பேண்ட்விட்த்தை 31.25ன்னு சுருக்குனா இன்னும் தூரம் போகும்னு ஒரு பங்காளி சொன்னாரு. போகும், ஆனா லோரா தாங்குற ஃப்ரீக்வென்சி வித்தியாசம் பேண்ட்விட்த்ல கால்வாசிதான். 125க்கு 31 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தாங்கும், 31.25க்கு எட்டு கூட இல்ல. மலிவு மாட்யூல்ல இருக்குற கிரிஸ்டல் 10 பிபிஎம் (பத்து லட்சத்துல 10 பங்கு) தள்ளுனாலே 866ல 8.7 கிலோஹெர்ட்ஸ் ஆகிருது. சித்திரை வெயில்ல தகரப் பெட்டிக்குள்ள வச்சுப் பாருங்க, காலைல பேசுனது மத்தியானம் பேசாது, சாயங்காலம் திரும்பப் பேசும். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும்.

கோடு எழுதாம யூஆர்ட் (சீரியல்) மாட்யூல் வச்சிருக்கவங்களுக்கு

ஈபைட் ஈ32 மாதிரி சீரியல்ல போட்டா அங்க சீரியல்ல வர்ற மாட்யூல் நம்ம பக்கம் நெறைய ஓடுது. இதுல ஜோடி சேர்க்குறது லேசு, ஆனா "நான் செட் பண்ணிட்டேன்"ங்கற நினைப்பை விட்டுட்டு ரெண்டுலயும் உள்ள என்ன இருக்குன்னு படிச்சுப் பாக்கணும்.

எம்0, எம்1 ரெண்டு காலையும் ஹை பண்ணுங்க, அந்தரத்துல விடக்கூடாது. கம்ப்யூட்டர்ல சீரியல் 9600, 8 என் 1 (8 பிட், பாரிட்டி இல்ல, 1 ஸ்டாப்). ஹெக்ஸ்ல சி1, சி1, சி1ன்னு மூணு பைட்டு அனுப்புங்க. ஆறு பைட்டு திரும்ப வரும். 868 மாடல் புதுசா இருந்தா சி0, 00, 00, 1ஏ, 06, 44ன்னு இருக்கும். முதல் பைட்டு தலை, அடுத்த ரெண்டு முகவரி. 1ஏ தான் வேகம்: சீரியல் 9600, காத்துல 2.4 கே. அடுத்தது சேனல், 862ஓட கூட்டிக்கணும், 06ன்னா 868, அதாவது நம்ம வேலியோட கடைசிக் கம்பில நிக்குது, உள்ள தள்ளி 04 போடுங்க, 866 ஆகிரும். கடைசி 44ல பவர், எஃப்இசி (பிழை திருத்தம்) எல்லாம் அடங்கியிருக்கு. எஃப்இசி ஒரு பக்கம் ஆன், இன்னொரு பக்கம் ஆஃப்னா வேலைக்காகாது.

சீரியல் பாட் ரேட்டு ரெண்டு முனைலயும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல, சென்சார் 9600, கேட்வே 115200 இருந்துக்கலாம், காத்துல போற வேகம், அதாவது ஏர் ரேட்டுதான் ஒத்துப்போகணும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்தவங்களை எனக்குத் தெரியும், அதுல ஒருத்தன் நான். ஆறு பைட்டையும் ரெண்டு மாட்யூலுக்கும் ஒரு பேப்பர்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதுங்க, வித்தியாசம் தானா பல்லைக் காட்டும். முடிஞ்சதும் எம்0, எம்1 ரெண்டையும் லோ பண்ண மறந்துராதீங்க.

ஈ22 வரிசை வேற சிப். அதுல கான்ஃபிக் மோடுக்கு எம்0 லோ, எம்1 ஹை, சேனல் கணக்கும் வேற, 900 மாடல்னா 850.125ல இருந்து கூட்டணும். ஈ32க்கு ஈ32, ஈ22க்கு ஈ22ன்னே வாங்கிருங்க.

கேட்வே லோராவான் ஆளா இருந்தா

இதுவரைக்கும் சொன்னது நேருக்கு நேர் பேசுறது. கடைல வாங்குன எட்டு சேனல் கேட்வே, உள்ள எஸ்எக்ஸ்1301 இல்ல 1302 இருக்கும், அது லோராவான் பேசும். எல்லா எஸ்எஃப்பையும் ஒரே நேரத்துல கேக்கும், அதனால எஸ்எஃப் தலைவலி இல்ல, ஆனா சேனல் பிளான் ஒத்துப்போகணும். நமக்கு ஐஎன்865: சேனல் 865.0625, 865.4025, 865.985, ரெண்டாவது ரிசீவ் விண்டோ (சென்சார் பதிலுக்குக் காது குடுக்குற ரெண்டாவது நேரம்) 866.55 எஸ்எஃப் 10. கேட்வே, சர்வர், சென்சார் மூணு இடத்துலயும் இதே பிளான் இருக்கணும். கேட்வே உள்ள சொருகுற கார்டு 868 வகையா இருக்கட்டும், 915 கார்டை வாங்கிட்டு செட்டிங்ல மாத்திக்கலாம்னு நினைக்காதீங்க, அதோட ஃபில்டரே வேற.

கேட்வேல பாக்கெட் வருது ஆனா சென்சார் நெட்வொர்க்ல ஜாயின் ஆகலையா? சாவியைத் திருப்பிப் போட்டுருப்பீங்க. எல்எம்ஐசி லைப்ரரில டெவ்இயூஐ (சென்சாரோட ஐடி), ஆப்இயூஐ (ஆப்போட ஐடி) ரெண்டையும் பின்னால இருந்து முன்னால எழுதணும், ஆப்கீ (ரகசியச் சாவி) மட்டும் நேரா எழுதணும். சர்வர்ல இருந்து மூணையும் ஒரே மாதிரி காப்பி பண்ணுனா ஜென்மத்துக்கும் ஜாயின் ஆகாது.

இன்னொண்ணு, கேட்வே அனுப்புற டவுன்லிங்க்ல ஐக்யூ திருப்பி வரும். அதனால சென்சாருக்கு சென்சார் பேசறது கேக்காது, சும்மா ஒரு லோரா மாட்யூலை வச்சு கேட்வே பேசறதை ஒட்டுக்கேக்கணும்னா ஐக்யூவைத் திருப்பி வைக்கணும்.

ஆன்டெனா, கரண்ட்

ஆன்டெனா இல்லாம ஒரு செகண்டு கூட டிரான்ஸ்மிட் பண்ண வேண்டாம், 1 வாட்டு மாட்யூல்னா பவர் ஸ்டேஜ் போயிரும். அவசரத்துக்கு ஒயர் போதும், 866க்கு கால் அலை 8.65 சென்டிமீட்டர், கொஞ்சம் குறைச்சு 8.2ன்னு வெட்டுங்க. 433 ஆன்டெனா 17 சென்டிமீட்டர் கணக்கு, கவர்ல அதைப் போட்டு அனுப்பிருப்பாங்க, பாத்துக்குங்க. பழைய வைஃபை ரவுட்டர் ஆன்டெனாவைக் கழட்டி மாட்டுறவங்க அதிகம்: மரை நல்லா ஏறும், ஆனா அது ஆர்பி எஸ்எம்ஏ, நடு ஊசி மாறி இருக்கும், உள்ள ஊசியும் ஊசியும் முட்டும் இல்ல ஓட்டையும் ஓட்டையும் பாத்துக்கிட்டு இருக்கும். தவிர அது 2.4க்கு செஞ்சது.

கரண்ட்ல ஆர்டுயினோ ஊனோவோட 3.3 வோல்ட் கால் 50 மில்லிஆம்ப்தான் குடுக்கும், 20 டிபிஎம் பவர்ல மாட்யூல் 120 கிட்ட இழுக்கும். கேக்கும்போது நல்லா கேக்கும், பேச வாயத் திறந்ததும் ரீசெட் ஆகும். தனி ரெகுலேட்டர் வச்சு, காலுக்கிட்டயே 100 மைக்ரோஃபாரட் ஒண்ணு போடுங்க.

மேஜை, அப்புறம் வாசல், அப்புறம் தோட்டம்

மேஜைல சோதிக்கும்போது ரெண்டையும் ஒட்டி வைக்காதீங்க, காதுக்கிட்ட கத்துனா ஒண்ணும் புரியாதுல்ல, அது மாதிரி ரிசீவர் திணறும். பவரைக் குறைச்சு மூணு நாலு மீட்டர் தள்ளி வைங்க. பாக்கெட் வருதுங்கறது பத்தாது, ஒவ்வொண்ணோடயும் ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் பலம்), எஸ்என்ஆர் (இரைச்சலோட ஒப்பிட்டா சிக்னல் எவ்வளவு) பிரிண்ட் பண்ணுங்க. ஒரே ரூம்ல ஆர்எஸ்எஸ்ஐ மைனஸ் 30, 40 டிபிஎம்னு வந்தா சரி. ஒரே ரூம்லயே மைனஸ் 90, 100ன்னு காட்டுச்சுன்னா பேண்டு மாறுன மாட்யூல் இல்லன்னா ஆன்டெனா, அங்கனயே நிறுத்துங்க, ஏணியைத் தூக்காதீங்க. எனக்கு முதல் நாளே மைனஸ் 97 காட்டுச்சு, "வருதுல்ல"ன்னு விட்டேன், அதான் மூணு ஞாயிறு.

அப்புறம் போனை ஒரு கைல, சென்சாரை ஒரு கைல வச்சுக்கிட்டு பைய நடங்க. எஸ்எஃப் 7ல ரிசீவர் மைனஸ் 123 வரைக்கும் கேக்கும், 12ல மைனஸ் 136 வரைக்கும், அந்த எல்லைக்குப் பத்துப் பதினஞ்சு முன்னாடியே நிக்குற மாதிரி பாத்துக்கங்க, ஏன்னா மழை பேஞ்சு ஓலை நனைஞ்சா இறங்கும். நடுவுல நாகமலையோ யானைமலையோ நின்னா எந்த எஸ்எஃப்பும் உதவாது, பாறையைத் துளைக்க முடியாது, சுத்திவர ஒரு ரிப்பீட்டர் போடணும். தோப்புன்னா கேட்வே ஆன்டெனாவை மொட்டைமாடிக்கு ஏத்துறது எஸ்எஃப்பை ரெண்டு கூட்டுறதை விட நல்ல பலன் தரும்.

எங்க தோப்புல இப்ப தொட்டிப் பக்கம் மைனஸ் 104 நிக்குது, எஸ்எஃப் 9. சித்தப்பா கட்டில்ல இருந்தே பாத்துக்கறாரு, ஆனாலும் சாயங்காலம் ஒரு தடவை நடந்து போயி தொட்டியை எட்டிப் பாத்துட்டுத்தான் வாராரு, கேட்டா "சும்மா காலாற"ங்கறாரு.

பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி மூடியோட உள்பக்கம் பெர்மனென்ட் மார்க்கர்ல எழுதிருங்க: 866.0, எஸ்எஃப் 9, 125, சிங்க் 12, எந்த லைப்ரரி, தேதி. ஸ்பேர் மாட்யூல் ஒண்ணு வாங்கி அன்னைக்கே அதே செட்டிங் போட்டு, பேசுதான்னு பாத்து, கவர்ல போட்டு அதே பெட்டிக்குள்ள சொருகி வைங்க. இடி விழுந்து ஒண்ணு போச்சுன்னா அப்ப மாட்யூலைத் திருப்பி லென்ஸ் வச்சுப் பாக்க வேண்டியதில்ல.